தெரு மைதானமான கதை: வேலூர் வட்டார எருது விடும் விழா, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மிருகவதைத் தடுப்புத் திருத்தச் சட்டம், ஜல்லிக்கட்டு எது என்பதற்கு ஒரு வரையறை தருகிறது. மரபையும் பண்பாட்டையும் பின்பற்றி, ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில், அரசு அறிவிக்கும் இடங்களில் காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்வு அது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அதில் அடங்கும். பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பெயர்தான் முக்கியம். அது மட்டும் விட்டுப்போயிருந்தால் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், காட்பாடி பக்கத்து ஊர்களில் தை பிறந்ததும் தெருவில் மாடு ஓடச் சட்டத்தில் வழியே இருந்திருக்காது.

அதே வரி ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. ஜல்லிக்கட்டில் வீரர் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிறார். மாடா மனிதனா என்பதுதான் அங்கே போட்டி. எருது விடும் விழாவில் யாரும் மாட்டைப் பிடிப்பதில்லை. மாடு ஓடுகிறது, வேகமாக ஓடிய மாட்டுக்குப் பரிசு. மதுரைப் பக்கத்து ஆட்டத்தை மனத்தில் வைத்து எழுதிய விதிகளுக்குள் இந்த ஓட்டத்தையும் நுழைக்க வேண்டியதாயிற்று. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதுதான்: விழாவைக் காப்பாற்றிய சட்டமே அதை ஒரு நவீன விளையாட்டாகவும் மாற்றிவிட்டது. அப்படி மாறும்போது மாட்டுக்காரருக்கும் விழாக் குழுவுக்கும் டாக்டருக்கும் போலீசுக்கும் தனித்தனி வேலை வந்தது. தெருவில் நிற்கிற இளைஞனுக்கு மட்டும் எந்த வேலையும் எழுதப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பெரும்பாலும் அவன்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வேலூருக்கு மேற்கே, பாலாற்றிலிருந்து சற்றுத் தள்ளி, ஜவ்வாது மலை அடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையில் இருக்கும் ஒரு கிராமம். ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே என்னிடம் பேசியவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ வேண்டியவர்கள்.

தடையும் திரும்பி வந்த விழாவும்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்த ஒரு ரேக்ளா (மாட்டு வண்டி) பந்தய வழக்கில்தான் இது தொடங்குகிறது. நீதிபதி பானுமதி, ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை விதித்தார். 2009ல் ஜல்லிக்கட்டை விதிகளோடு அனுமதிக்க மாநில அரசு ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது வேலூரிலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் அவசரச் சட்டம், திருத்தச் சட்டம். கடைசியில் 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

நம் வட்டாரத்துக்கு இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இத்தனை ஆண்டு வாதத்திலும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது பெரும்பாலும் அலங்காநல்லூரும் அவனியாபுரமும் பாலமேடும்தான். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி ஊர்களின் ஓட்டம் அந்த வழக்கின் ஓரத்தில் நின்றது. தடை வந்தபோது சேர்ந்து நின்றுபோனது, அனுமதி வந்தபோது சேர்ந்து திரும்பி வந்தது. தனக்கென்று வாதாட ஒருபோதும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் நடந்ததை அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்று திரண்ட கூட்டம் தேசிய நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மறித்தது, பேருந்துகள் மீது கல் விழுந்தது. வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு மாட்டோட்டத்துக்காகப் பெங்களூரு சாலையே நின்றது என்று ஆச்சரியப்பட்டவர்கள், அந்த மாட்டின் பின்னால் ஒரு வருட உழைப்பும் ஓர் ஊரின் மானமும் நிற்கிறது என்பதைத் தவறவிட்டார்கள்.

மாடு யாருடையது?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவசியமே இருந்ததில்லை. உழவு மாடு இருந்தது, வண்டி மாடு இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசி, சலங்கை கட்டி, தெருவில் விட்டார்கள். மாட்டுக்கு அது ஒரு நாள் விடுமுறை. மறுநாள் ஏரில் பூட்டினார்கள்.

டிராக்டர் வந்தபிறகு காளைக்கு வேலை போயிற்று. பால் சொசைட்டியும் சினை ஊசியும் ஜெர்சிக் கலப்பு மாட்டைக் கொண்டுவந்தன. அதில் கன்று கிடாரியாக இருந்தால் வீட்டுக்கு வருமானம், காளைக்கன்றாக இருந்தால் சுமை. பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இது தெரிந்துவிடும். கறவை மாட்டைச் சுற்றித்தான் கூட்டம். காளைக்கன்றைக் கேட்டு வருகிறவரில் பெரும்பாலோர் எதற்காக வாங்குவார்கள் என்பது விற்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அந்த வரிசையில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நீண்டு பின்னால் வளைந்த கொம்பும், ஒட்டிய வயிறும், மெலிந்த காலுமாக, கர்நாடக நாட்டு மாட்டினமான ஹல்லிகர் ஜாடையில் ஒரு கன்று வந்தால், நாலு இளைஞர்கள் வந்து அதன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஓடுமா?

உழைப்பை இழந்த விலங்கு விளையாட்டால் பிழைக்கிறது. குதிரைக்கு உலகம் முழுக்க நடந்தது இதுதான். வண்டியிலிருந்தும் போர்க்களத்திலிருந்தும் விலக்கப்பட்ட குதிரை பந்தய மைதானத்தில் பிழைத்துக்கொண்டது. நாட்டு மாட்டு இனங்களைக் காப்பாற்றுகிறோம் என்று விழாக் குழுவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் காப்பாற்றப்படுவது இனத்தில் எல்லா மாடும் இல்லை. ஓடுகிற காளை காப்பாற்றப்படுகிறது. ஓடாத காளை சந்தைக்குத் திரும்புகிறது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. சொன்னால்தான் நேர்மை என்று நினைக்கிறேன்.

நான் பார்த்த மாடுகளின் சொந்தக்காரர்கள் நிலக்கிழார்கள் இல்லை. ஒருவர் பால் ஊற்றுகிறார். இன்னொருவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குக் கம்பெனி வண்டியில் போய்வருகிறார். ஆறு பேர் சீட்டுப் போட்டு வாங்கிய மாடும் இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார், விழா நேரத்துக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறார். மாதச் சம்பளம் வாங்குகிற கை இருந்தால்தான் இந்த மாட்டுக்குத் தீனி போட முடியும். பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு, உளுந்து, போட்டி நெருங்கும்போது முட்டையும் பேரீச்சம்பழமும். கிணற்றில் இறக்கி நீச்சல், உழுத நிலத்தில் ஓட்டம். பரிசுப் பணத்தால் செலவு திரும்பாது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஏன்?

பால் ஊற்றுகிறவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "சார், நான் போனா இன்னார் பையன்னு சொல்லுவாங்க. இப்ப மாட்டுப் பேரைச் சொல்லி, அந்த மாட்டுக்காரர் வந்துகினு இருக்கார்னு சொல்றாங்க. பக்கத்து ஊர்ல கூட." அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1958ல் பாலித் தீவில் சேவல் சண்டையைப் பார்த்துவிட்டு எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. பணம் வைத்து ஆடினாலும், பெரிய ஆட்டங்களில் உண்மையான பந்தயப் பொருள் ஆளின் அந்தஸ்துதான் என்பது அவர் கண்டது. பாலியில் ஒரு வித்தியாசம் இருந்தது. அங்கே ஆட்டம் முடிந்தால் யாருடைய அந்தஸ்தும் உண்மையில் மாறுவதில்லை என்றார் அவர். இங்கே கொஞ்சம் மாறுகிறது. குடும்பப் பெயரோ நிலமோ தராத ஓர் அடையாளத்தை, கம்பெனியில் பஞ்ச் அடித்து உள்ளே போகும் ஓர் ஆளுக்கு மாடு தருகிறது. ஃபிளெக்ஸில் மாட்டின் படம் பெரிதாகவும் தலைவர் படம் ஓரத்திலும் இருப்பதை வேறு எந்த விழாவில் பார்க்க முடியும்?

மாட்டை வளர்ப்பவர்

ஒரு மாட்டுக்காரர் வீட்டில் காலை ஆறு மணிக்கு நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தெருவில் ஓடும்போது ஆயிரம் பேர் ஒதுங்குகிற காளை, கொட்டகையில் நிற்கிறது. வீட்டுக்காரரின் அம்மா, அறுபதைத் தாண்டியவர், சாணியை வாரிக்கொண்டே முழங்கையால் அதன் தொடையைத் தள்ளுகிறார். "அந்தாண்ட போடா." காளை நகர்கிறது. அவர் குனிந்து அதன் முன்னங்காலுக்கு இடையில் கைவிட்டுத் தீவனத் தொட்டியை இழுக்கிறார். கயிற்றைப் பிடிக்கவே இல்லை. மகன் கிட்டே வந்தால் காளை தலையை ஆட்டுகிறது. அம்மாவிடம் அது இல்லை.

விழா அன்று அவர் எங்கே இருந்தார் என்றால், தெருக்கோடியில் ஓர் உறவினர் வீட்டு மொட்டை மாடியில். பெண்கள் அத்தனை பேரும் மாடிகளில்தான். பரிசு வாங்கப் போகிறவர் மகன், மைக்கில் சொல்லப்படுவது மகன் பெயர். "மாட்டைப் பாத்துக்கறது யாரு?" என்று கேட்டால் மகனே தயங்காமல் "அம்மாதான்" என்கிறார். ஆனால் அந்தப் பதில் விழாவின் எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. விளையாட்டில் பெண்களின் பங்கு குறைவு என்று பொதுவாக எழுதுகிறோம். இந்த விளையாட்டில் பங்கு குறைவில்லை. களத்துக்கு வெளியே நடக்கும் உழைப்பு விளையாட்டின் கணக்கில் சேராமல் போகிறது, அவ்வளவுதான். கிரிக்கெட்டிலோ கபடியிலோ பயிற்சியாளருக்கு மேடையில் ஒரு நாற்காலி உண்டு. அந்த அம்மாவின் வேலைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது பயிற்சியாளர் வேலைதான்.

காலை முதல் மதியம் வரை

விழா நாளில் ஊருக்குள் நுழையும்போதே அரசாங்கம் தெரிகிறது. வருவாய்த் துறை, கால்நடைத் துறை, போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். தெருவின் இரு பக்கமும் சவுக்குக் கம்பால் இரட்டைத் தடுப்பு. டாக்டர் பார்த்து, டோக்கன் எண் கொடுத்தபிறகுதான் மாடு வரிசைக்குப் போகலாம். கலெக்டரிடம் மனு, உறுதிமொழிப் பத்திரம், காப்பீடு என்று விழாக் குழு பல வாரம் அலைந்திருக்கிறது. ஊர்ப் பெயர் அரசிதழில் வந்தாக வேண்டும்.

முதலில் ஓடுவது கோயில் மாடு. அதற்கு நேரம் கணக்கிடுவதில்லை. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் விடுகிறார்கள். அது பாதி நடந்தும் பாதி ஓடியும் போகிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

இரண்டாவது மாட்டிலிருந்து எல்லாம் மாறிவிடுகிறது. கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மாட்டை அவிழ்த்துவிடும் வாசலான வாடியிலிருந்து விடுகிற நொடியும் எல்லைக் கோட்டைத் தாண்டுகிற நொடியும் குறிக்கப்படுகின்றன. சில ஊர்களில் இப்போது கையில் பிடிக்கும் ஸ்டாப்வாட்ச் போய் சென்சார் வந்துவிட்டது. மாட்டுக்கு மாடு வித்தியாசம் நொடியின் சின்னச் சின்னப் பின்னங்களில் இருக்கிறது. மைக்கில் டைமிங் சொன்னதும் கூட்டம் கத்துகிறது, இன்னொரு கூட்டம் சண்டைக்கு வருகிறது. ஓட்டம் என்னவோ பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

வழிபாட்டிலிருந்து சாதனைக்கு நகர்வதுதான் நவீன விளையாட்டின் அடையாளம் என்றார் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் குட்மன். மதச்சார்பு விலகுவது, எல்லாருக்கும் ஒரே விதி, திறமைக்கேற்ற வேலைப் பிரிவு, எழுதிய ஒழுங்குமுறை, நிர்வாக அமைப்பு, எண்ணில் அளப்பது, சாதனைப் பதிவு என்று ஏழு குணங்களை அவர் 1978ல் முன்வைத்தார். அந்தத் தெருவில் கோயில் மாட்டுக்கும் இரண்டாவது மாட்டுக்கும் இடையே இருந்த சில நிமிடங்களில் இந்த ஏழில் பலவற்றை நேரிலேயே பார்த்துவிடலாம்.

ஏழாவதுதான் சிக்குகிறது. சாதனைப் பதிவு இங்கே நடக்காது, நடக்கவும் முடியாது. ஒரு ஊரில் தெரு நேர், இன்னொரு ஊரில் நடுவில் வளைவு. ஒரு ஊரில் சரிவு, ஒரு ஊரில் மேடு. ஒரு இடத்தில் செம்மண் கொட்டியிருப்பார்கள், இன்னொரு இடத்தில் சிமெண்ட் சாலை மேல் மணலும் வைக்கோலும். ஓடுபாதையின் நீளமே ஊருக்கு ஊர் வேறு. போன வாரம் பக்கத்து ஊரில் எடுத்த டைமிங்கை இந்த ஊர் டைமிங்கோடு ஒப்பிட வழியில்லை. ஆனாலும் யூடியூப் வீடியோவுக்குக் கீழே ரசிகர்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மாட்டின் விலையும் அந்த ஒப்பீட்டைப் பார்த்து ஏறுகிறது. சித்தூர்ப் பக்கமிருந்து வாங்க வருகிறவர்கள்கூட நம்பர் கேட்கிறார்கள். அளவுகோல் ஒன்றாக இல்லாத இடத்தில் அளவை வைத்து வியாபாரம் நடக்கிறது. இதில் ஏமாறுகிறவர் ஆறு பேர் சீட்டுப் போட்டு வாங்குகிற மாட்டுக்காரர்தான்.

யார் தெரு, யார் குழு

டோக்கன் முறை வந்ததில் ஒரு நன்மையை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். எண் வரிசையில் மாடு விடும்போது இன்னார் மாடு முதலில், இன்னார் மாடு கடைசியில் என்ற பழைய ஒழுங்கு உடைகிறது. காலனியிலிருந்து வந்த மாடும் ஊர்த் தெரு மாடும் ஒரே வாடியில், ஒரே கடிகாரத்தின் முன்னால் நிற்கின்றன. கடிகாரத்துக்கு யார் வீட்டு மாடு என்று தெரியாது. காலனி இளைஞர் ஒருவர் "டைமிங் வந்தப்புறம்தான் நம்ப மாடு நிஜமா ஜெயிச்சுதுன்னு ஒத்துக்கறாங்க" என்றார். முன்பு நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன காலத்தில் வாக்குவாதம் எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் சமத்துவம் வாடியோடு நின்றுவிடுகிறது. விழாக் குழு யாருடையது, மாடு ஓடும் தெரு யாருடையது, மேடையில் துண்டு போர்த்தப்படுவது யாருக்கு என்று பார்த்தால் பழைய ஒழுங்கு அப்படியே இருக்கிறது. காலனித் தெருவில் விழா நடத்தக் கேட்டால் தெரு அகலம் போதாது என்ற பதில் வருகிறது. அகலம் போதாது என்பது உண்மைதான். ஏன் அந்தத் தெரு மட்டும் குறுகலாக இருக்கிறது என்பதுதான் அதற்கு முந்தைய கேள்வி. விளையாட்டு சாதியை ஒழிக்கிறது என்று கொண்டாடவும் நான் தயாரில்லை, ஒன்றுமே மாறவில்லை என்று கைவிடவும் தயாரில்லை. அந்த இளைஞருக்கு டைமிங் ஒரு பிடிமானம். அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தடுப்புக்குள் நிற்கிறவன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

தடுப்புக்கு வெளியே நின்று பாருங்கள் என்று மைக் கத்திக்கொண்டே இருக்கிறது. போலீஸ் ஒரு முனையிலிருந்து விரட்டுகிறது. அந்த முனை காலியாகும்போது மறுமுனையில் ஐம்பது பேர் உள்ளே குதிக்கிறார்கள். காளை வரும்போது கூட்டம் நடுவில் பிளந்து வழிவிடுகிறது. வழிவிடும்போதே கையை நீட்டி அதன் முதுகை, திமிலை, வாலைத் தொடுகிறார்கள். பிளப்பது ஒரு கணம் தாமதமானால் கொம்பு. ஒவ்வொரு சீசனிலும் செய்தித்தாளில் வரும் "வேடிக்கை பார்த்தவர் பலி" இங்கேதான் உருவாகிறது. வெறித்துப்போன மாடு ஓட்டம் முடிந்தும் நிற்காமல் ஊரைத் தாண்டி ஓடிக் கிணற்றில் விழுவதும் உண்டு.

இவர்களை அதிகாரிகள் "பார்வையாளர்" என்கிறார்கள். அந்தச் சொல்லில் அவர்கள் அடங்க மாட்டேன் என்கிறார்கள் என்பதே என் வாதம். ஐம்பது அறுபது வயதுக்காரர்களிடம் பழைய விழாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அப்போது நேரம் பார்ப்பது பெரிதாக இல்லை. மாட்டின் கொம்பில் துண்டும் தேங்காயும் கட்டியிருக்கும். ஓடும் மாட்டிலிருந்து அதைப் பறித்தவன் வைத்துக்கொள்ளலாம். பறிபோகாமல் தெருவைத் தாண்டிய மாடு பெருமைக்குரிய மாடு. அந்த ஆட்டத்தில் தெருவில் நின்றவன் எதிரணி. அவன் இல்லாமல் ஆட்டமே கிடையாது.

ஓட்டப் பந்தயமாக மாறியபோது எதிரணியே தேவையில்லாமல் போயிற்று. மாடு இப்போது கடிகாரத்தோடு மோதுகிறது. தெருவில் நின்றவனைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் போ, நீ வேடிக்கை பார்க்கிறவன் என்றார்கள். அவன் போகவில்லை.

ஜெர்மனியில் பிறந்த சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ், இங்கிலாந்தின் நரி வேட்டையைப் பற்றி எழுதும்போது, கொல்லும் வேலையை மனிதன் நாய்களிடம் ஒப்படைத்துவிட்டு, துரத்தலின் கிளர்ச்சியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான் என்று காட்டினார். விளையாட்டு நாகரிகப்படும்போது வன்முறை குறைகிறது. ஆனால் கிளர்ச்சி குறைந்துவிடக் கூடாது, குறைந்தால் ஆட்கள் வர மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு விளையாட்டும் கிளர்ச்சிக்கு வேறொரு வழி கண்டுபிடிக்கிறது. எருது விடும் விழாவில் வன்முறையைக் குறைக்கும் பாதி வேலை நடந்திருக்கிறது. மாட்டுக்கு மது கொடுக்காதே, கண்ணில் எதுவும் போடாதே, வாலை முறுக்காதே என்ற கட்டுப்பாடுகள் முழு மனதோடு வரவேற்கத் தக்கவை. தெருவில் நிற்கிறவனின் கிளர்ச்சிக்கு மாற்று வழி தரும் மறுபாதி வேலையை யாரும் தொடவே இல்லை. சும்மா கம்பைக் கட்டி வெளியே நில் என்றால் இருபது வயதுப் பையன் நிற்பானா?

அவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மாடு வாங்க வசதி இல்லாதவன். கேலரியில் உட்கார வைக்கப்படும் முக்கியஸ்தன் இல்லை. வாரம் ஆறு நாள் தோல் கம்பெனியிலோ செங்கல் சூளையிலோ சித்தாள் வேலையிலோ இருப்பவன். மாட்டைத் தொட்டுவிட்டு விலகுகிற அந்த ஒரு நொடி, அவன் நண்பர்கள் செல்போனில் எடுக்கிற அந்த ஒரு வீடியோ, அதுதான் இந்த விழாவில் அவனுக்கென்று இருப்பது. தொடையில் தையல் தழும்போடு இருந்த ஒருவன், "மாடு இல்லாதவன் இன்னா பண்றது, இதான்" என்றான். அவனை முட்டாள் என்று திட்டிவிட்டு நகர்வது எளிது. அவன் சொன்னது சரியான சமூகவியல் என்றே எனக்குப் படுகிறது.

செய்ய வேண்டியது

2017 விதிகள் ஜல்லிக்கட்டுக்கு எழுதப்பட்டவை. மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம், கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது என்பது போன்ற விதிகளுக்கு எருது விடும் விழாவில் பொருளே இல்லை, ஏனென்றால் இங்கே மாடுபிடி வீரர் என்று யாரும் பதிவு செய்வதில்லை. மாறாக, ஓட்டத்துக்கு எது தேவையோ அதைப் பற்றி அந்த விதிகளில் போதிய விளக்கம் கிடைக்காது. ஓடுபாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், தரை எப்படி இருக்க வேண்டும், கோடு தாண்டிய மாடு வேகம் குறைந்து நிற்க எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கத்தில் திறந்த கிணறும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இருந்தால் என்ன செய்வது. மாடு நிற்க இடம் இல்லாததுதான் ஓட்டத்துக்குப் பிந்தைய விபத்துகளுக்கு முக்கியக் காரணம் என்பதை எந்த மாட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே எருது விடும் விழாவுக்குத் தனி விதி வேண்டும். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி மாட்டுக்காரர்களையும் விழாக் குழுக்களையும் கால்நடை மருத்துவர்களையும் உட்காரவைத்து எழுத வேண்டும். ஒரே நீள ஓடுபாதை வந்தால் டைமிங்கை ஒப்பிடுவதில் நேர்மை வரும், மாட்டு வியாபாரத்தில் ஏமாற்று குறையும். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் இருக்கும் தனிக்குணம் போய்விடும், நாளடைவில் ஊரைவிட்டு மைதானத்துக்கே விழா போய்விடலாம். கோயில் மாடு மைதானத்தில் ஓடாது. இந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. இருந்தாலும் ஆளும் மாடும் சாவதைவிட அது மேல்.

தெருவில் நிற்கிறவனுக்கு என்ன? பழைய துண்டு பறிப்பை அதே வடிவில் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரருக்குப் பெயர்ப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, சீருடை, காப்பீடு எல்லாம் உண்டு. அதே போல இங்கேயும் பதிவு செய்த இளைஞர்களுக்கு ஓடுபாதையில் வேலை கொடுக்கலாம். வாடியில் மாட்டைப் பிடித்து விடுகிறவர், எல்லைக்கு அப்பால் மாட்டை மடக்கிக் கயிறு போடுகிறவர், வழி தப்பிய மாட்டைத் திருப்புகிறவர். மூன்றுமே துணிச்சலும் கைப்பழக்கமும் கேட்கிற வேலைகள். இன்று மாட்டுக்காரரின் நண்பர்கள் கணக்கில் வராமல் செய்கிறார்கள். அதைப் பெயர் சொல்லி, எண் கொடுத்து, பரிசும் வைத்து ஆட்டத்தின் பகுதியாக்கினால் உள்ளே குதிக்கிறவர்களில் ஒரு பாதியாவது வரிசைக்கு வருவார்கள் என்று நம்புகிறேன். தழும்புக்காரப் பையனிடம் இதைச் சொன்னேன். எல்லைக்கு அப்பால் மாட்டை மடக்குகிற வேலையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அதற்குக் கயிறு எத்தனை முழம் வேண்டும், எத்தனை பேர் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டான்.